பலிபீடம் இடிந்த பின்



‘பலி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ்ச் செவியில் முதலில் விழுவது கத்தியின் ஓசை. கொல்லுதலும் இழத்தலுமே இன்று அச்சொல்லின் பொருளாய் எஞ்சி நிற்கின்றன. எபிரேயர் தம் வழிபாட்டில் படைத்ததற்கு இட்ட பெயரோ வேறு திசையை நோக்குவது. ‘கொர்பான்’ என்பது அப்பெயர். ‘அருகில் வருதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து அது பிறந்தது. அதே வேரின் அரபுக் கிளையே தமிழ் முசுலிம்கள் வழங்கும் ‘குர்பானி’. சுரியானிக் கிளையே கேரளத்துக் கிறித்தவர் தம் திருப்பலிக்கு வழங்கும் ‘குர்பானா’. விலகிப் போனவன் மீண்டும் அருகில் வருவது எப்படி? அவன் வந்துவிட்டான் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? முதல் வினாவுக்கு யூதமும் கிறித்தவமும் தந்த விடைகள் எண்ணுவதைக் காட்டிலும் நெருக்கமானவை. இரண்டாம் வினாவில்தான் அவை இன்றளவும் பிரிந்து நிற்கின்றன.

யூதம் இரத்தமும் சட்டமும் கொண்ட சமயம் என்றும், கிறித்தவம் அன்பும் மன்னிப்பும் கொண்ட சமயம் என்றும் ஒரு பாகுபாடு மேடைகளில் எளிதாக வழங்கி வருகிறது. லேவியராகமத்தைப் பொறுமையுடன் ஒருமுறை படித்தவர் அப்படிச் சொல்லத் துணியார். கொழுப்பும் குண்டிக்காயும் எந்தப் பக்கத்தில் எரிக்கப்பட வேண்டும் எனக் கணக்குப் பார்க்கும் அந்நூல் கவிஞர்களை ஈர்ப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் அதன் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு விதி உண்டு. ஆடு கொண்டுவர இயலாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வகையற்றவன் ஓர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவரலாம். ஒன்றிரண்டு படிக்குள் அடங்கும் அளவு அது. எண்ணெய் வேண்டா, சாம்பிராணி வேண்டா. குரு ஒரு பிடி அள்ளி நெருப்பில் இடுவார். ஏழையின் பாவம் நீங்கும். இரத்தம் சிந்தாமல் மன்னிப்பு இல்லை எனப் பின்னாளில் எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் வாதிடும்போது, ‘ஏறக்குறைய’ என்னும் சொல்லையும் சேர்த்தே வாதிடுகிறது. அந்த ‘ஏறக்குறைய’வுக்குள் இந்த ஏழையின் மாவும் அடங்கியிருக்கிறது போலும். உரையாசிரியர்களிற் பலர் அச்சொல்லை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

அறியாமற் செய்த பிழைக்கே பாவநிவாரண பலி பெரும்பாலும் விதிக்கப்பட்டது. துணிந்து, கையோங்கிச் செய்த குற்றத்துக்கு எண்ணாகமம் பலி எதனையும் காட்டவில்லை. பிறன் பொருளைக் கவர்ந்து பொய்யாணையிட்டவன் ஒருவனுக்கு மட்டும் ஒரு வழி திறக்கப்படுகிறது. அவன் கவர்ந்ததை உரியவனிடம் திருப்பித் தரவேண்டும். அதனுடன் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும். அதன் பின்னரே ஆட்டுக்கடாவுடன் பீடத்தை அணுகலாம். வரிசை நோக்கத்தக்கது. அயலான் முன்னே, ஆண்டவன் பின்னே. மலைப்பொழிவில் இயேசு, பீடத்தருகே காணிக்கையுடன் நிற்பவன் தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுச் சென்று முதலில் ஒப்புரவாக வேண்டும் என்கிறார். லேவியராகமத்தின் வரிசையே அது. அதை மேலும் கூர்மையாக்கி அவசரமாக்குகிறார், அவ்வளவே.

ஆண்டுக்கொருமுறை வரும் யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாளின் காட்சியை மிஷ்னாவின் ‘யோமா’ என்னும் பகுதி விரித்துரைக்கிறது. தலைமைக் குரு ஏழு நாள் தனித்து வைக்கப்படுவார். அன்றைய நாளில் ஐந்து முறை நீராடுவார். வெள்ளை நார்மடி உடுத்து, முதலில் தமக்கும் தம் வீட்டாருக்குமாகக் காளையின்மேல் கைவைத்துத் தம் குற்றங்களை அறிக்கையிடுவார். பிறர் பாவத்தைப் பேசுமுன் தம் பாவத்தைப் பேசவேண்டும் என்ற ஒழுங்கு அது. பின்னர் இரண்டு வெள்ளாடுகள் நிறுத்தப்படும். முன்னாளில் மரத்தால் இருந்து, பென் காம்லா என்பவர் பொன்னால் செய்வித்த சீட்டுகள் குலுக்கப்படும். ஒன்று ஆண்டவருக்கு, மற்றொன்று அசசேலுக்கு. இந்த இரண்டாம் ஆட்டுக்குத் தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு தந்த பெயர் ‘போக்காடு’. மொழிபெயர்ப்பாளர்களின் கைவண்ணத்தில் விளைந்த நல்ல சொற்களுள் இதுவும் ஒன்று. மக்களின் பாவங்கள் அதன் தலைமேல் ஏற்றப்பட்டு, ஒருவன் அதைப் பாலைவெளிக்கு நடத்திச் செல்வான். எருசலேமிலிருந்து மலைமுகடு வரை பத்துக் குடில்கள் இருந்தன என்றும், ஒவ்வொரு குடிலிலும் அவனுக்கு உணவும் நீரும் காட்டப்பட்டன என்றும் மிஷ்னா கூறுகிறது. ஓர் ஊரின் பாவத்தை நடத்திச் செல்பவனுக்குப் பசிக்குமே என்று கவலைப்பட்டவர்கள் அச்சட்ட அறிஞர்கள்.

அந்த ஆடு பாவங்களைச் ‘சுமந்து’ செல்கிறது என்னுமிடத்தில் எபிரேயம் ‘நாசா’ என்னும் வினையை ஆள்கிறது. சுமத்தல், தூக்குதல் என்பன அதன் பொருள். அதே வினைதான் எபிரேயத்தில் மன்னித்தலுக்கும் வழங்குகிறது. தமிழின் ‘பொறுத்தல்’ இதற்கு நேர் நிற்பதைக் கவிஞர்கள் உடனே உணர்வர். பாரம் பொறுப்பதும் பிழை பொறுப்பதும் தமிழிலும் ஒரே வினை. மன்னிப்பில் பிழை காற்றில் கரைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் தோளில் அது ஏறுகிறது என்ற அறிவு இரு மொழிகளுக்கும் இருந்திருக்கிறது. யார் தோள் அது என்பதே எஞ்சிய வழக்கு.

அவ்வழக்கு சங்கீதப் பாடல்களின் உள்ளேயே எழுந்துவிடுகிறது. பத்சேபாளிடம் தாவீது சென்ற பின் நாத்தான் தீர்க்கன் வந்து இடித்துரைத்தபோது பாடியது எனத் தலைப்பிடப்பட்ட 51ஆம் சங்கீதம், மனம் வருந்துதலின் இலக்கணமாக இரு சமயங்களிலும் போற்றப்படுவது. பலியைக் கடவுள் விரும்பவில்லை, நொறுங்கிய நெஞ்சமே அவருக்குரிய பலி என அது துணிகிறது. விந்தையாக, அதன் இறுதி இரு வரிகளில் எருசலேமின் மதில்கள் எழும்பட்டும், காளைகள் பீடத்தில் ஏறட்டும் என்ற வேண்டுதலும் வருகிறது. பின்னாளில் வேறொரு கை சேர்த்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதைவிடப் பெரிய இடறல் ஒன்று உண்டு. கடவுள் ஒருவருக்கே தான் பிழை செய்ததாக அரசன் அப்பாடலில் கூறுகிறான். போர்முனையில் வேண்டுமென்றே சாகவிடப்பட்ட உரியாவின் பெயர் பாடலிலும் இல்லை; தலைப்பிலும் இல்லை. எத்துணை உருக்கமான பாடல்! அதற்குள் கொல்லப்பட்டவனுக்கு மட்டும் இடமில்லாமற் போயிற்று.

கி.பி. 70இல் தித்துவின் உரோமப் படை எருசலேம் ஆலயத்தை எரித்தது. பலிபீடமும், சீட்டுக் குலுக்கலும், போக்காடும் ஒருசேர மறைந்தன. இடிபாடுகளைக் கண்டு யோசுவா என்னும் ரபி, இசுரயேலின் பாவம் நீங்கிய இடம் பாழாயிற்றே எனப் புலம்பியதாகவும், அவருடைய ஆசான் யோகனான் பென் சக்காய், அதற்கு இணையான வேறொரு நிவிர்த்தி கையில் இருக்கிறது, அதுவே அருஞ்செயல் என ஓசேயாவைச் சுட்டித் தேற்றியதாகவும் ஒரு பழங்குறிப்பு உண்டு. வேண்டுதலும், மனந்திரும்புதலும், ஈகையும் பீடத்தின் இடத்தில் அமர்ந்தன. இதைத் தோற்றவர்களின் சமாளிப்பு என்று எண்ணுவது பிழை. ஆமோசும் மீகாவும் ஏசாயாவும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாதை வெட்டி வைத்திருந்தனர்.

பீடம் இல்லாத அந்தக் காலத்தில்தான் ‘யோமா’வின் இறுதிப் பகுதியிலுள்ள விதி தன் முழு எடையையும் பெறுகிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பிழைகளை யோம் கிப்பூர் நீக்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான பிழைகளை, பிழை பட்டவனை அமைதிப்படுத்தும் வரை அந்நாள் நீக்காது என்பதே அவ்விதி. எலெயாசர் பென் அசரியாவின் பெயரால் அது நிலைநாட்டப்படுகிறது. கடவுள் தம் மன்னிப்பைத் தருகிறார். அயலானின் மன்னிப்பை அவன் சார்பில் எடுத்துத் தர அவரும் முற்படுவதில்லை. சமய வரலாற்றில் கடவுளுக்கு இப்படியோர் எல்லைக்கல் நட்டவர்கள் அரியர்.

இவ்விதி ஏட்டளவில் நின்றதன்று. தல்மூது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. ராவ் என்னும் அறிஞர் தம் ஆசான் முன் ஒரு பகுதியைப் படித்துக் கொண்டிருந்தார். ரபி கிய்யா உள்ளே வந்தார்; ராவ் முதலிலிருந்து தொடங்கினார். பார் கப்பாரா வந்தார், மீண்டும் முதலிலிருந்து. ஆசானின் மகன் சிமியோன் வந்தார், மீண்டும். நான்காவதாக அனீனா வந்தபோது, இன்னும் எத்தனை முறைதான் திரும்புவது என ராவ் திரும்பவில்லை. அனீனா மனம் புண்பட்டார். அதன்பின் 13 ஆண்டுகள், ஒவ்வொரு யோம் கிப்பூர் முந்நாளிலும் ராவ் அவர் வாயிலுக்குச் சென்று மன்னிப்பு வேண்டினார், அனீனா இசையவில்லை. இலக்கிய அரங்குகளில் பிந்தி வரும் பெரியோருக்காகக் கவிதையை மீண்டும் மீண்டும் தொடங்க நேர்ந்தவர்கள் ராவின் பக்கமே நிற்பர். அனீனாவின் பிடிவாதத்துக்கு ஒரு கனவைக் காரணம் காட்டித் தல்மூது அவரைக் காக்க முயல்கிறது. அந்தக் காரணம் அவ்வளவாக எடுபடவில்லை. ஆனால் 13 ஆண்டுகள் ஒருவர் வாயிலில் நின்றதை அது மறைக்கவில்லை.

12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிசு இவற்றை முறைப்படுத்தினார். பிழை பட்டவன் இணங்காவிடில் மும்மூன்று நண்பர்களுடன் மூன்று முறை சென்று வேண்டுக. அப்போதும் மறுப்பவனையே இனிக் குற்றவாளி எனக் கொள்க. பிழை பட்டவன் இறந்துபோயிருந்தால் பத்துப் பேரை அழைத்துச் சென்று, அவன் கல்லறையருகே நின்று, இன்னாருக்கு இன்ன தீங்கு செய்தேன் எனச் சொல்லுக. பொருள் கடன் இருப்பின் அவன் வழியினருக்குச் செலுத்துக. சொல்வது மனிதர் பதின்மரின் செவியில் விழவேண்டும் என்பதில் ஆழ்ந்த நுட்பம் உள்ளது. தனியறையில் கண்ணீர் விடுவது எளிது.

ஆலயம் போனபின் பலியின் இடத்தைச் சொல் பிடித்தது என்றால், அச்சொல்லைச் செய்தவர்கள் கவிஞர்கள். கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிப் பாலத்தீனத்தில் வாழ்ந்த யோசே பென் யோசே, பெயர் தெரிந்த எபிரேய வழிபாட்டுப் பாவலருள் மிகப் பழையவர்களில் ஒருவர். தலைமைக் குருவின் அந்நாளைய பணி முழுவதையும் அவர் அகரவரிசைப் பாவாக்கினார். உலகப் படைப்பில் தொடங்கி நார்மடியும் சீட்டும் ஆடும் வரை அப்பா நடக்கிறது. ‘அவோதா’ எனப்படும் இவ்வகைப் பாக்கள் யோம் கிப்பூர் நாளில் இன்றும் ஓதப்படுகின்றன. தலைமைக் குரு கடவுளின் திருப்பெயரை ஒலித்த கட்டத்தைப் பா தொடும்போது வழிபடுவோர் பலர் தரையில் நெற்றி பட விழுகின்றனர். பீடம் இல்லை, குரு இல்லை, ஆடு இல்லை. ஒரு செய்யுள் இருக்கிறது. கிறித்தவப் பக்கத்தில் இதற்கு ஒரு தொலைவான உறவு உண்டு. ஆங்கிலக் குருவும் கவிஞருமான ஜார்ஜ் ஹெர்பர்ட் மறைந்த 1633ஆம் ஆண்டிலேயே வெளிவந்த ‘ஆலயம்’ என்னும் தொகுப்பில், ‘பீடம்’ என்னும் கவிதையின் அடிகள் நீண்டும் குறுகியும் ஒரு பலிபீடத்தின் வடிவிலேயே அச்சிடப்பட்டுள்ளன. சித்திரகவி பழகிய தமிழ்க் கண்ணுக்கு அது புதுமையன்று.

கிறித்தவம் ஆலயத்தின் அழிவை வேறு வகையில் எதிர்கொண்டது. பீடம் இனித் தேவையில்லை. இறுதிப் பலி நிகழ்ந்துவிட்டது என்றது அது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஆசிரியர் யாரெனத் துணிய இயலவில்லை. ஆனால் நாடக உணர்வு மிக்கவர் அவர். குருமார் நாள்தோறும் நின்றுகொண்டே பலியிடுகின்றனர், பணி முடியாமையால். கிறித்துவோ ஒரே முறை தம்மைப் படைத்து அமர்ந்துவிட்டார் என நிற்றலையும் அமர்தலையும் வைத்தே அவர் வாதத்தை முடிக்கிறார். அந்த ஒரு சாவு மற்றவர் பாவத்தை எவ்வாறு நீக்குகிறது என்பதற்குத் திருச்சபை ஒரே விளக்கத்தை விசுவாச அறிக்கையில் எழுதி வைக்கவில்லை. மீட்புப் பணம் என்றனர் சிலர். 1098இல் நிறைவுற்ற நூலில் ஆன்செல்ம், இறைவனின் மாண்புக்கு ஏற்பட்ட குறைக்கு ஈடு என்றார். அடுத்த தலைமுறை அபெலார்டு, மனித நெஞ்சை இளக்கும் அன்பின் காட்சி என்றார். கவிஞர்க்கு உகந்தவர் அபெலார்டே. எனினும் குற்றத்தின் எடையை உணர்ந்தவர் ஆன்செல்ம்.

சிலுவையில் தம்மைக் கொல்வோரைப் பொறுக்குமாறு இயேசு தந்தையை வேண்டியதாக லூக்கா எழுதுகிறார். மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் அவ்வரி இல்லை. பாடபேத ஆய்வாளர்க்கு அது தீராத சிக்கல். அவ்வரியை ஏற்றுக்கொண்டு பார்த்தால், அங்கே மன்னிப்பு வேண்டுபவர் துன்புற்றவரே. மிஷ்னாவின் விதி அவ்விடத்தில் மீறப்படவில்லை. தம் உடலில் ஆணி ஏறியவர் அந்த ஆணிக்காகப் பேசுகிறார். சிக்கல் பின்னரே பிறக்கிறது. ஒருவன் உடலில் ஏறிய ஆணிக்காக மற்றொருவன் பாவமன்னிப்பு வழங்கத் தொடங்கும்போது பிறக்கிறது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவ அறிக்கை செய்வதைக் கடமையாக்கியது. ஈடு செய்தலையும் திருச்சபை வற்புறுத்தியது உண்மை. ஆயினும் மன்னிப்பு விலைக்குப் போன காலமும் வந்தது. 1517இல் லூத்தர் எழுந்தார். அவர் பெயரைத் தாங்கிய சபையிலேயே அருள் மலிவாகிப் போனதை 1937இல் போன்ஹோபர் கண்டித்தார். 1945 ஏப்பிரல் 9 அன்று நாசிகள் அவரைத் தூக்கிலிட்டனர்.

சிலுவையின் பெயராலேயே யூதர் நூற்றாண்டுகள் தோறும் துன்புறுத்தப்பட்டதை மறந்து இப்பொருளைப் பேசுவது நேர்மையாகாது. கிறித்துவின் சாவுக்கான பழியை அன்றிருந்த யூதர் அனைவர் மேலும், இன்றிருப்போர் மேலும் சுமத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965இல்தான். அத்தனை காலமும் ஓர் இனமே போக்காடாய் ஓட்டப்பட்டிருந்தது. 2000 மார்ச்சு 26 அன்று போப் இரண்டாம் யோவான் பவுல் எருசலேமின் மேற்கு மதிலின் கற்களிடையே ஒரு வேண்டுதல் தாளைச் செருகினார். ஆபிரகாமின் மக்களுக்கு இழைக்கப்பட்ட துன்பத்துக்காக வருந்தி மன்னிப்பு வேண்டும் அத்தாள், கடவுளை விளித்து எழுதப்பட்டது. தளர்ந்த முதியவர் ஒருவர் அம்மதிலில் கைவைத்து நின்ற காட்சி யூதர் பலரின் நெஞ்சைத் தொட்டது. எனினும் மிஷ்னாவில் ஊறியவர் கேட்கக்கூடிய வினா அங்கே எஞ்சியது: தாள் உரியவரின் முகவரிக்குத்தான் போயிற்றா? உரியவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள் இருந்தனர்.

சைமன் வீசந்தால் 1969இல் வெளியிட்ட ‘சூரியகாந்தி’ இந்த முடிச்சையே கையில் எடுக்கிறது. லெம்பர்க் நகரில் நாசி முகாமின் அடிமைத் தொழிலாளியாக இருந்த அவர், சாகும் தறுவாயிலிருந்த எஸ்.எஸ். படைவீரன் ஒருவனின் படுக்கையருகே அழைத்துச் செல்லப்படுகிறார். யூதர்களை ஒரு வீட்டில் அடைத்துத் தீயிட்டதில் தனக்கிருந்த பங்கை அவன் சொல்லி, ஒரு யூதனின் வாயால் மன்னிப்புக் கேட்டுச் சாக விரும்புகிறான். அவன் வருத்தம் நடிப்பன்று என வீசந்தாலே ஏற்கிறார். அவர் ஒரு சொல்லும் கூறாமல் வெளியேறினார். போருக்குப் பின் அவனுடைய தாயைத் தேடிச் சென்றபோது, தன் மகன் நல்லவன் என அவள் நம்பியிருப்பதைக் கண்டு, அங்கும் உண்மையைச் சொல்லாமல் திரும்பினார். தாம் செய்தது சரியா எனப் பலரையும் வினவி, அவர்கள் விடைகளையும் நூலில் சேர்த்தார். பெரும்பாலும் கிறித்தவர் மன்னிப்பின் பக்கமும் யூதர் மறுப்பின் பக்கமும் சாய்ந்தனர்.

அறிஞர் ஏபிரகாம் யோசுவா ஹெஷல் விடையாக ஒரு கதை அனுப்பினார். பிரிசுக் நகர ரபி தொடர்வண்டியில் சென்றபோது, அவரை இன்னாரென அறியாத வணிகன் ஒருவன் இழிவுபடுத்தினான். ஊர் வந்ததும் உண்மை தெரிந்து மன்னிப்பு வேண்டி அலைந்தான். ரபி இசையவில்லை. அவன் இழிவுபடுத்தியது பெயரறியாத ஓர் எளியவனை. அந்த எளியவனிடம் போய்க் கேட்கட்டும் என்றார். எரிக்கப்பட்டவர்களின் மன்னிப்பைத் தர எவருக்கும் உரிமை இல்லை என்பதே ஹெஷலின் நிலை. கல் நெஞ்சம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. உரியாவின் பெயரைப் பாடலில் எழுதச் சொல்லும் குரல் இது.

கிறித்தவத்திடம் இதற்கு ஆற்றல் மிக்க மறுமொழி ஒன்று உண்டென்றால், அது மத்தேயுவின் 25ஆம் அதிகாரத்தில் உள்ளது. பசித்தவனுக்கும் சிறைப்பட்டவனுக்கும் செய்தது தமக்கே செய்தது என்கிறார் அங்கே தீர்ப்பளிக்கும் அரசர். அப்படியாயின் தீயில் எரிந்த ஒவ்வொருவரிலும் எரிந்தவர் அவரே. பிழை பட்டவரே அவர் என்பதால் பொறுக்கும் உரிமையும் அவருக்கு வந்துவிடுகிறது. நம்புவோர்க்கு இது பேராறுதல். ஆனால் இறந்தவன் யூதனாயிருந்து, அவன் பெயரால் பேச எழுபவர் அவன் ஏற்காத கிறித்துவாயிருப்பின், அவனுடைய வாய் இரண்டாம் முறையும் அடைபடுகிறதே என்று யூதர் கேட்டால், அந்த வினாவையும் தள்ளிவிட இயலாது. ‘பொறுத்தல்’ சுமத்தலாயின், சுமையை இறக்கி வைக்கச் சொல்லும் உரிமை சுமந்தவருக்கே உரியது.

புக்கோவினாவில் 1930இல் பிறந்து, சிறுவனாக நாசிக் காலத்து முகாம் வாழ்வைக் கடந்து, எபிரேயக் கவிஞராகி 1986இல் மறைந்தவர் டான் பாகிசு. மூடி முத்திரையிட்ட தொடர்வண்டிப் பெட்டியில் பென்சிலால் எழுதியதாகத் தலைப்பிட்ட அவருடைய கவிதை ஆறே சிறு வரிகள் கொண்டது. வண்டியில் ஏவாள் இருக்கிறாள், அவளுடன் ஆபேல் இருக்கிறான். வெளியே எங்கோ இருக்கும் மூத்தவன் காயினைக் காண்பவரிடம் அவள் ஒரு செய்தி சொல்லியனுப்பத் தொடங்குகிறாள். சாபமா, பொறுத்தேன் என்பதா, வெறும் நலம் வினவுதலா என்று தெரியுமுன் வாக்கியம் அறுந்துவிடுகிறது. கவிதைக்கு முற்றுப்புள்ளி இல்லை.